ஆளி வாயை மூடிய நண்பகல்

மண்ணுக்கும் விதைக்கும் வாய் இருந்த காலம் அது. வாய் இருந்ததே ஒழிய, எல்லாம் எப்போதும் பேசிக்கொண்டிருக்கவில்லை. கம்பும் சோளமும் கதிரில் இருக்கும்வரை வம்பளக்கும். அறுத்துக் களத்தில் காயப்போட்டால் அடங்கிவிடும். ஆளி விதை மட்டும் அடங்காது. காய்ந்து, தானியம் கொட்டிவைக்கும் குலுக்கைக்குள் போய் விழுந்த பிறகும் தொணதொணவென்று பேசிக்கொண்டே இருக்கும்.

அதனால் கரிசல்காட்டு ஜனங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பேசுகிற தானியத்தை அம்மியில் வைக்கமாட்டார்கள். மற்றதையெல்லாம் இடிப்பார்கள், திரிப்பார்கள். ஆளியை மட்டும் அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள். தின்றால் பாவமில்லை, நசுக்கினால்தான் பாவம். மனிதர்கள் பாவத்தையும் தங்கள் வசதிக்குத்தானே வைத்துக்கொள்கிறார்கள்! அப்போது ஆளிக்குத் தோல் கிடையாது. நாக்கில் பட்டதும் கரையும். கட்டிக்கொண்ட வயிறு இளகிவிடும்.

அந்தக் காட்டில் ஆளி விதைத்தவள் மூக்காயி. பிள்ளை இல்லாதவள். தோல் இல்லாத விதையைக் கவுதாரி கொத்தும், எறும்பு இழுக்கும் என்று பகலெல்லாம் காட்டிலேயே கிடந்து விரட்டுவாள். ஆளி அவளைத் "தாயி" என்றுதான் கூப்பிடும். அந்த ஒரு சொல்லுக்காகவே அவளுக்கு வெயில் உறைக்காது.

ஒரு வருஷம் கவுதாரிக் கூட்டம் பாதிக் காட்டை மேய்ந்துவிட்டது. மிஞ்சிய ஆளி நடுங்கிப்போய்க் கரிசல் மண்ணிடம் முறையிட்டது.

"ஆத்தா, எனக்கு ஒரு தோலு குடு. பல்லுக்கும் அலகுக்கும் அசையாத தோலு."

மண் யோசித்துச் சொன்னது. "தாரேன். ஆனா பகைக்குன்னு அடைச்ச கதவு உறவுக்கும் தெறக்காது. பாத்துக்க."

"உசுரு தப்புனாப் போதும் ஆத்தா."

பயந்தவனுக்கு நாளையைப் பற்றி யோசனை ஏது? மறுநாள் காலையில் ஆளியைப் பழுப்பாக, வழவழவென்று ஒரு தோல் மூடியிருந்தது. கவுதாரி விழுங்கிய விதை எச்சத்தோடு முழுசாக வந்து விழுந்தது. அதைப் பார்த்து மூக்காயி கைகொட்டிச் சிரித்தாள். பாவம், அவள் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. கீரை இல்லை, மோர் இல்லை, ஆமணக்குகூடக் காய்க்கவில்லை. வெறும் வரகுக் களியைத் தின்று தின்று மூக்காயிக்கு வயிறு கல்லாகக் கட்டிக்கொண்டது. படுத்தவள் எழவில்லை. அவள் புருஷன் கருப்பாண்டி குலுக்கையிலிருந்து ஒரு பிடி ஆளியை அள்ளி வெந்நீரோடு கொடுத்தான். விழுங்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் கொடுத்தான். வயிறு மேலும் உப்பியதுதான் மிச்சம்.

குலுக்கையில் கிடந்த ஆளிக்கு மண் சொன்னது அப்போதுதான் உறைத்தது. அது கருப்பாண்டியைக் கூப்பிட்டது.

"ஐயா, உள்ள போன எங்க தோலு தெறக்கமாட்டேங்குது. எங்கள அம்மியில வச்சு நசுக்கு. பொடியாக் குடுத்தா தாயி பொழச்சுக்கும்."

கருப்பாண்டி நல்ல மனுஷன். அதுதான் சங்கடம். "பேசுறத நசுக்குனா குலம் அத்துப்போகும்னு எங்க அய்யா சொல்லிருக்காரு. என்னால ஆகாது" என்றான்.

"இருக்கிறதே நீங்க ரெண்டு பேரு. எந்தக் குலத்தக் காப்பாத்தப் போற?"

உள்ளே மூக்காயி முனகுவது கேட்டது.

"நாங்க பேசுறதுதான தடை? பேசாம இருந்தா நசுக்குவியா?"

"பேசாத தானியத்துக்குத் தடை இல்ல" என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

"அப்ப தாயிட்ட ஒரு வார்த்த பேசிக்கிடுதோம்."

ஒரு கை விதையை அள்ளி மனைவியின் காதருகே பிடித்தான். "தாயி" என்றது ஆளி. மூக்காயி கண்ணைத் திறக்காமலே "ம்" என்றாள். அவ்வளவுதான். குலுக்கை முழுவதும் சத்தம் அடங்கியது.

அப்போதே நசுக்கியிருக்க வேண்டும். கருப்பாண்டிக்கு மனம் துணியவில்லை. கல் பட்டதும் கத்திவிட்டால்? "ஏ ஆளி, இருக்கியா?" என்று கேட்டான். பதில் இல்லை. காதை வைத்துப் பார்த்தான். முறத்தில் இட்டுக் குலுக்கிப் பார்த்தான். திட்டிக்கூடப் பார்த்தான். ஆளி கொடுத்த வாக்கைக் காப்பாற்றியது. சந்தேகம் தீர்ந்து அவன் அம்மிக்கு முன் உட்கார்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

குழவியை உருட்டினான். ஒரு முனகல்கூட எழவில்லை. பொடியை வெந்நீரில் கரைத்து எடுத்துக்கொண்டு போனால், மூக்காயி செத்துக் கிடந்தாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அவனுடைய நமஸ்காரம் சூடு ஆறாமல் கிண்ணத்தில் இருந்தது.

அம்மியைச் சுற்றிச் சிதறிய விதைகள் ஈரம் பட்டு, ஒன்றோடொன்று ஒட்டிக் கொழகொழத்துக் கிடந்தன. வாயை மூடிக்கொண்டவர்கள் அழுதால் அப்படித்தான் இருக்கும்.

கருப்பாண்டி அந்தக் கரைசலைக் கீழே கொட்டவில்லை. பக்கத்து வீட்டிலும் ஒருத்தி வயிறு கட்டிப் படுத்திருந்தாள். அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் பிழைத்துக்கொண்டாள்.

"இனிமே முழுசாக் குடுக்காதீக. நசுக்கிக் குடுங்க" என்று அந்த வீட்டாரிடம் சொன்னான். வாசல்வரை போனவன் திரும்பி நின்று, "பயப்படாதீக. அது ஒண்ணும் சொல்லாது" என்றான்.

இன்றைக்கும் ஆளியை முழுசாக விழுங்கினால் போனபடியே வெளியே வந்துவிடும். பொடித்துச் சாப்பிட்டால்தான் உடம்பில் சேரும். காலையில் நீலமாக விரியும் அதன் பூ, மூக்காயி போன அந்த வேளை வருவதற்குள் உதிர்ந்துவிடுகிறது. அந்த நண்பகலுக்குப் பிறகுதான், எத்தனை பேர் எத்தனை கல்லில் வைத்து நசுக்கினாலும், ஆளி விதை வாயே திறப்பதில்லை.