ஆறு மீட்டர்

“மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு அம்மணி. அது போதும் எனக்கு.”

மருதி வாசலில் காயப்போட்டிருந்த சீமாறுப் புல்லைப் புரட்டிப் போட்டாள்.

கேட்டவர் வனச்சரகர் சென்னியப்பன். ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம். கூகைமலைச் சரகத்தில் கன்று நடுவதோ, உண்ணிச்செடி பிடுங்குவதோ, தடுப்பணை கட்டுவதோ, அரசாங்க வேலை எதுவானாலும் அவருடைய மேற்பார்வையில்தான் நடக்கும். வேலை முடிந்தது என்று அவர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

மருதிக்கு முப்பத்து நாலு வயது. அவள் புருஷன் சடையன் அவருக்குக் கீழே தீக்காவலராக இருந்தவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் காட்டுத்தீயில் செத்துப்போனான்.

அவளை யாரும் குரு என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

சென்னியப்பன் குருமார்கள் எல்லாரையும் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்திருந்தார்.

அடிவாரத்து ஆசிரமத்தில் ஒரு சாமியார், நீ வெறும் கருவி, செய்தவன் அவன் என்றார். அந்த ஆறுதல் பஸ் ஏறும்வரை இருந்தது. ஜோசியர் ராமேஸ்வரம் போகச் சொன்னார். இருபத்திரண்டு தீர்த்தத்திலும் முழுகி எழுந்து ஜலதோஷத்தோடு வந்து சேர்ந்தார். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டுத் தூங்கினால் கனவில் சடையன் வந்தான். போடாவிட்டாலும் வந்தான்.

கடைசியில், எங்கே போகப் பயந்தாரோ அந்தப் பதிக்கே வந்துவிட்டார். இருளர் வீடுகள் பதினொன்று இருக்கும் சின்னப் பதி அது. ஒரு சரகர் காலையில் தனியாக வந்து ஒரு வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்து மற்ற வீடுகளின் கதவுகள் மெல்லச் சாத்திக்கொண்டன.

அவர் யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னார்.

கோடைக்கு முன்னால் காட்டில் தீத்தடுப்புக் கோடு வெட்டுவார்கள். ஆறு மீட்டர் அகலத்துக்குப் புல்லையும் சருகையும் அடியோடு எடுத்துவிட்டால், ஒரு பக்கம் பிடித்த தீ மறுபக்கம் தாவாது. காவலர் பயிற்சியில் அவர்தான் பாடம் எடுப்பார். தீ துரத்தினால் மேட்டைப் பார்த்து ஓடாதே, கோட்டைப் பார்த்து ஓடு, கோட்டில் குப்புறப் படு, தீ அங்கே வராது. சடையன் முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டவன்.

சடையன் செத்த வருஷம் சாலையோரத்தில் மட்டும் அவர் கோட்டை அளந்தார். ஆறு மீட்டர் சரியாக இருந்தது. மேலே ஏறிப் பார்க்கவில்லை. மூட்டு வலி, வெயில், இன்னும் இரண்டு கோடு பார்க்க வேண்டியிருந்தது. ஜீப் பானட்டின் மேல் அளவுப் புத்தகத்தை வைத்து, முழுக்க ஆறு மீட்டர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எல்லாச் சரகத்திலும் அப்படித்தான். ஜீப் போகிற தூரம் வரைக்கும்தான் சர்க்காருக்குக் கண் தெரியும்.

“மேலே அகலம் இல்லேன்னு எனக்குத் தெரியாது. ஆனா பார்க்காம எழுதினேன். நான்தான் அவனைக் கொன்னேன் அம்மணி.”

சொன்னதும் அழுதார். அழுகையை அடக்க அவர் முயலவில்லை. தரையைப் பார்த்தபடியே அழுதார். மூன்று வருஷமாக அவர் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. புருஷனுடைய வேலையை அவளுக்கே வாங்கிக்கொடுத்தபோதும், அவளைச் செக்போஸ்ட்டில் உட்கார்ந்து பார்க்கிற காவலாகப் போடுங்கள் என்று தனக்குக் கீழே இருந்த வனவரிடம் சொல்லி அனுப்பியபோதும்கூட, காகிதத்தைத்தான் பார்த்தார்.

மருதி கையிலிருந்த புல்லைக் கீழே வைத்தாள்.

“ஜீப்புல டேப்பு இருக்குதுங்களா?”

“எதுக்கு?”

“எடுத்துக்கங்க.”

•

சாலை முடிகிற இடத்தில் கோடு தொடங்கியது. போன மாதம்தான் இந்த வருஷத்து வேலை முடிந்து, அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். தீக்காலக் காவல் அடுத்த வாரம் தொடங்க வேண்டும்.

டிரைவரை ஜீப்பிலேயே இருக்கச் சொன்னாள் மருதி. டேப்பின் நுனியை எடுத்துக்கொண்டு கோட்டின் மறுகரைக்கு நடந்தாள். அங்கே புல் தொடங்குகிற இடத்தில் நின்று இழுத்துப் பிடித்தாள்.

“எவ்வளவுங்க?”

அவளுக்கு எண் படிக்கத் தெரியும். இருந்தும் கேட்டாள். காற்று வேறு அடித்ததால் அவர் சத்தம் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“ஆறு இருபது!”

சொல்லும்போது அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. பாவம், மனுஷன்.

அவள் நடந்தாள். அவர் பின்னால் போனார். முதல் வளைவு தாண்டி அளந்தார்கள். ஆறு. இன்னும் கொஞ்சம் ஏறி ஓர் அத்தி மரத்தடியில் அளந்தார்கள். அதுவும் ஆறுதான். திரும்பிப் பார்த்தால் ஜீப் தெரிந்தது.

ஓடையைத் தாண்டினார்கள். ஜீப் மறைந்தது.

“எவ்வளவுங்க?”

“நாலரை.”

அவர் டேப்பை உதறி மறுபடி பிடித்துப் பார்த்தார். நாலரையேதான்.

அவருக்குக் கோபம் வந்தது. வனவருக்கு இன்றைக்கே மெமோ கொடுக்கிறேன் என்றார். வேலைக்கு ஆள் விட்ட மேஸ்திரியைத் தொலைத்துவிடுகிறேன் என்றார். அளந்து காட்டியவன் யார், எழுதியவன் யார் என்று கேட்டுக்கொண்டே போனவர், கையெழுத்துப் போட்டவன் யார் என்கிற இடத்துக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

மருதி காத்திருந்தாள். மெமோவுக்குப் புல் சாயாது என்று அவளுக்குத் தெரியும்.

“நடங்க” என்றாள்.

ஏற்றம் செங்குத்தாக இருந்தது. அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அவள் பத்தடி முன்னால் போய் நிற்பதும், அவர் வந்ததும் நகர்வதுமாக இருந்தாள். அளந்த இடத்திலெல்லாம் அதே கேள்வியைத்தான் கேட்டாள். மூணு முக்கால். மூணு. பாறைக்குப் பக்கத்தில் இரண்டே கால். ஏற ஏற ஆட்களுக்குக் கை சலித்திருக்கிறது. கோடு மெலிந்துகொண்டே போனது.

இப்போது சத்தம் போட வேண்டியிருக்கவில்லை. பேசினாலே கேட்டது.

பாறையைத் தாண்டாமல் அவர் நின்றுவிட்டார். எங்கே போகிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“அங்கே வேண்டாம் அம்மணி.”

“இன்னும் கொஞ்சந்தானுங்க.”

“என்னால முடியாது. அன்னைக்கு அவனைத் தூக்கிட்டுப் போனதுக்கு அப்புறம் நான் இந்தப் பாறையைத் தாண்டினதே இல்ல. மேலே வேலைன்னா கீழே நின்னே பார்த்துட்டுப் போயிடுவேன். அந்த இடத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்ல.”

“தெரியுமுங்க.”

“தெரியுமா?”

“நீங்க வரலீங்க. நீங்க வரலீன்னு வனவரும் வரலீங்க. புல்லு மட்டும் வந்துருச்சுங்க.”

அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் மேலே நடந்தாள். டேப்பின் ஒரு முனை அவள் கையில் இருந்தது, மறுமுனை அவர் கையில். அது இழுபட்டபோது, விடவும் மனம் வராமல் அவர் பின்னால் போனார்.

•

ஆளுயரக் காட்டுப்புல் இரண்டு பக்கமும் காய்ந்து நின்றது. நடுவில் ஒற்றையடிப்பாதை போல ஒரு வெறுந்தரை. கோடு என்றால் என்னவென்று தெரியாதவன்தான் அதைக் கோடு என்று சொல்வான். ஒரு கருகிய வேங்கை மரம் இலை இல்லாமல் நின்றது. அதன் அடியில் யாரோ ஒரு சின்னக் கல்லை நட்டு மஞ்சள் பூசியிருந்தார்கள்.

மருதி ஒரு பக்கப் புல்லை ஒட்டி நின்றாள். அவர் மறுபக்கம் நின்றார்.

கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல நின்றார்கள். அவள் மூச்சு விடுவது அவருக்குக் கேட்டது. வேறு எங்கேயும் பார்க்க இடமில்லாததால் அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

மூன்று வருஷத்தில் அந்த முகம் கிழடு தட்டிப்போயிருந்தது.

“எவ்வளவுங்க?”

அவர் டேப்பைப் பார்த்தார்.

“சொல்லுங்க.”

“ஒன்றரை.”

அவள் தலையை ஆட்டினாள்.

“அன்னைக்கும் அவ்வளவுதானுங்க.”

“யாரு அளந்தாங்க?”

“யாரும் அளக்கலீங்க. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே கோட்டுக்கு ஓடி வந்து படுத்துட்டாருங்க. நான் வந்து பாக்கறப்ப தலை இந்தப் பக்கத்து எரிஞ்ச புல்லுல கெடந்துச்சு. காலு உங்க பக்கத்துப் புல்லுல கெடந்துச்சு.”

சென்னியப்பன் தன் காலடியைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் நகர்ந்தார். பின்னால் புல் இருந்தது.

அவர் இப்போது அழவில்லை. அழுகை கீழே, வாசலில் நின்றபோது வந்தது. இங்கே அது வரவில்லை.

இந்த வருஷமும் கோடு இங்கே இப்படி இருப்பதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று அவர் மெதுவாகக் கேட்டார். சொன்னேன் என்றாள். காவலர்களிடம் சொன்னாள், வனவரிடம் இரண்டு தடவை சொன்னாள். அளந்து கையெழுத்தாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்களாம். ஒண்டியாக வெட்டிப் பார்த்தாளாம். மரத்தடியில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குப் புது வெட்டு தெரிந்தது. இரண்டு நாள் வேலை அது. அதற்குள் அரிவாள் பட்டுக் கை கிழிந்துவிட்டது.

அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது.

அடுத்த வாரம் காவல் தொடங்குகிறது. இந்த மேட்டில் யாரோ ஒருவர் நின்றாக வேண்டும். தீ துரத்தினால் அந்த ஆள் எங்கே ஓடுவான் என்று அவருக்குத் தெரியும். பாடம் எடுத்தது அவர்தான்.

“இந்த வருஷம் இந்த இடத்துல காவல் யாரு?”

“நான்தானுங்க.”

“உன்னைச் செக்போஸ்ட்டுலதானே போடச் சொன்னேன்?”

“அங்கதானுங்க போட்டாங்க. நான்தான் கேட்டு மாத்திக்கிட்டேன்.”

“ஏன் அம்மணி? இது இப்படி இருக்குன்னு தெரிஞ்சுமா?”

மருதி டேப்பின் நுனியை விட்டாள். அது சரசரவென்று ஓடி அவர் கைக்குள் சுருண்டுகொண்டது.

“இன்னொருத்தன் பொண்டாட்டி உங்களை இங்க கூட்டிட்டு வர வேண்டாமுன்னுதானுங்க.”