விசில் அடிக்காத ஒருத்தி

சிரிக்க வைக்கிற கதைதான். ஆனால் சிரிப்பு இப்போதைக்குக் கிடையாது. கொஞ்சம் பொறுங்கள், முதலில் கதிர்வேந்தன் அழ வேண்டும்.

முப்பது வருஷமாகச் சினிமாவில் கதாநாயகன் அவர். போன மாதம் வந்த படத்தில், மகளைப் பறிகொடுத்த தபால்காரனாக நடித்தார். பிணத்தின் காலைப் பிடித்துக்கொண்டு அவர் கதற, தியேட்டரில் விசில் பறந்தது. "தலைவா, உனக்கு வயசே ஆகலை தலைவா!"

மறுநாள் மங்களேஸ்வரி டீச்சர் வீட்டுக்குப் போனார். கதிர்வேந்தனுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தவர்.

"போஸ்ட்மேனை யாருமே பார்க்கலை டீச்சர். என்னைத்தான் பார்க்கறாங்க. ஒரே ஒரு ஆள் நம்பினாப் போதும். இல்லேன்னா நடிக்கிறதையே விட்டுடறேன்."

டீச்சர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வெள்ளிக்கிழமை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் போ. வீட்டை விட்டுப் போன மகளுக்காகக் காத்திருக்கிற அப்பாவா உக்காரு. ஒரு ஆள் நம்புற வரைக்கும் எழுந்திருக்காதே."

ஒட்டுத்தாடி, அழுக்கு வேட்டி, காலில் அறுந்த செருப்பு. நாலு நிமிஷம் தாங்கியது.

"அண்ணே, கேமராவை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்றார் முறுக்கு விற்கிறவர்.

"யோவ், அது அவரு இல்லய்யா. அவரு இன்னும் ஒசரம்!" இது கண்டக்டர்.

"சார், தாடியைக் கொஞ்சம் கழட்டுங்க சார், ஒரே ஒரு செல்ஃபி!"

இடம் மாறி உட்கார்ந்தார். அங்கேயும் அதே கூத்து. கடைசியில் ஓடாத பஸ்கள் நிற்கிற மூலையில் ஒரு பெஞ்சைப் பிடித்தார். அத்தனை பெரிய ஊரில் அவரைப் போலத் தனியாக யாரும் இல்லை.

ஒயர்கூடையோடு ஒரு அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யாருக்குங்க காத்திருக்கீங்க?"

"மகளுக்கு."

"எனக்கு மகன். திருப்பூர் பஸ் ஏறிப் போனான். ஒம்பது வருசமாச்சு. வெள்ளிக்கிழமை வர்றேன்னான், எந்த வெள்ளிக்கிழமைன்னு சொல்லலை."

கூடையிலிருந்து ஒரு பன்னை எடுத்துப் பிய்த்து, பெரிய பாதியை அவரிடம் நீட்டினார். கதிர்வேந்தன் வாங்கிக்கொண்டு அழுதார். கிளிசரின் இல்லாமல் அழுது எத்தனையோ காலமாகியிருந்தது.

மறுநாள் காலையிலேயே ஓடிவந்தார். "நம்பிட்டாங்க டீச்சர்! ஒரு அம்மா நம்பிட்டாங்க!"

"அவ என்ன சொன்னா?"

சொன்னார். திருப்பூர் பஸ்ஸைப் பற்றிச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீ அதை நம்பினியா?"

"என்ன டீச்சர் இப்படிக் கேக்கறீங்க? அந்த முகத்தைப் பார்த்தா..."

டீச்சர் உள்பக்கம் திரும்பினார். "பவுனு, கொஞ்சம் வெளியே வாம்மா."

அதே அம்மா வந்து நின்றார். தலை வாரியிருந்தது. கண்ணாடி போட்டிருந்தார்.

"வணக்கம் சார்."

"துணை நடிகை," என்றார் டீச்சர். "உன்னோட பதினோரு படம் பண்ணியிருக்கா."

கதிர்வேந்தன் அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். பதினொன்றில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"அப்போ, என்னைத் தெரிஞ்சுதான் வந்து உக்காந்தீங்களா?"

"உங்களை யாருக்கு சார் தெரியாது?"

கதிர்வேந்தன் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பெஞ்சுல நம்பினது நான் ஒருத்தன்தானா?"

"நல்லாவே நம்பினே," என்றார் டீச்சர். "பதினோரு படமா உன் பின்னாடி நின்னு அழறா. நேத்துத்தான் திரும்பிப் பார்த்தே."