பத்தில் ஒன்பது

ஒரு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில், கணினிக்குள் ஒரு மதிப்பெண் குடியிருந்தது. பள்ளிக்கூடத்து மதிப்பெண் கூடினால் மிட்டாய் கொடுப்பார்கள். இது கூடினால் சொந்தக்காரர்களுக்குப் போன் போடுவார்கள். அப்படிப்பட்ட மதிப்பெண் அது.

அதற்கு மனுஷர்களிடம் தானாகப் பேசத் தெரியாது. நோயாளியின் ரத்தத்தைச் சோதித்து, காமாலை எவ்வளவு, கிட்னியில் உப்பு எவ்வளவு, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் என்று ஊட்டிவிட வேண்டும். அப்போதுதான் வாயைத் திறக்கும். கல்லீரல் சுருங்கிப்போய் வருகிறவர்களில் யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று சொல்வதுதான் அதன் வேலை.

அன்று காலை சிவனணைந்த பெருமாள் என்பவரைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டார்கள். பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற மனுஷன். சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. எப்போதோ ரத்தத்தில் நுழைந்த காமாலைக் கிருமி ஓசைப்படாமல் கல்லீரலைத் தின்றிருந்தது. வயிறு பானைபோல வீங்கி, கண் மஞ்சளாகி, பெண்டாட்டி கூப்பிட்டாலும் யாரென்று தெரியாத மயக்கத்தில் கிடந்தார். மூத்திரப் பையில் பேருக்குக்கூட ஒன்றும் இறங்கவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். மதிப்பெண் வாயைத் திறந்தது.

"பத்தில் ஒன்பது பேர் போய்விடுவார்கள்."

தலைமாட்டிலிருந்த மானிட்டர் பதறிவிட்டது. "அடப்பாவி! வந்த கால் ஆறுவதற்குள் இப்படியா சொல்வது?"

"நான் என்ன செய்ய? இவரைப் போல ஆயிரம் பேரின் கதை என் வயிற்றில் இருக்கிறது. அதிலிருந்து சொன்னேன்."

"இவர் கதை இருக்கிறதா?"

மதிப்பெண் சற்று யோசித்தது. "இல்லை. இவர் கதை இனிமேல்தானே நடக்க வேண்டும்."

வெளியே டாக்டர் நஸ்ரின், பெருமாளின் வீட்டாரிடம் பேசிக்கொண்டிருந்தார். "நெலம மோசந்தான். இந்த மாதிரி வாறவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேரு தாண்டுறதில்ல. ஆனா வயித்துத் தண்ணியில கிருமி எறங்கியிருக்கு. அதுக்கு மருந்து இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்கோம், புடிக்குதான்னு பாக்கணும்."

பெருமாளின் அண்ணன் தவசிக்கனிக்கு 'ஒன்பது' வரைக்கும்தான் காது கேட்டது. மனுஷன் கெட்டவரில்லை. தம்பி என்றால் உயிரை விடுவார். ஆனால் அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம்: மூச்சு வீட்டில்தான் பிரிய வேண்டும், ஆஸ்பத்திரியில் பிரிந்தால் அநாதைச் சாவு. அழுதுகொண்டே மும்பையிலிருந்த தங்கச்சிக்குச் சொன்னார். ஊரில் பந்தல்காரருக்குச் சொன்னார். ஆம்புலன்சுக்கும் சொல்லிவிட்டார்.

செய்தி உள்ளே வந்ததும் மதிப்பெண் மானிட்டரிடம் திரும்பியது. "நான் போகச் சொல்லவில்லையே! மானிட்டரே, உனக்குத்தான் குரல் இருக்கிறதே, கொஞ்சம் கத்தேன்."

"எனக்குத் தெரிந்தது டிங் டிங் ஒன்றுதான். அதற்கு அவர்கள் என்ன அர்த்தம் எடுப்பார்களோ!"

அப்போது பெருமாளின் விலாவுக்குக் கீழிருந்து ஒரு களைத்த குரல் வந்தது. கல்லீரல்தான்.

"ஏன் இந்தக் கூச்சல்? நான் முக்கால்வாசி கல்லாகிவிட்டது உண்மை. மீதிக் கால்வாசியை வைத்துத்தான் இத்தனை வருஷம் இந்த மனுஷனை மோட்டார் கட்டவைத்தேன். இன்றைக்கு நான் படுத்தது வயிற்றுத் தண்ணீரில் இறங்கிய இந்தப் புதுக் கிருமியால். நான் படுத்ததும் கிட்னி கதவைச் சாத்திவிட்டது. குடலில் தேங்கிய கழிவு தலைக்கேறி இவரை மயக்கிவிட்டது. கிருமிக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. கழிவு வெளியேற, வயிறு கழியவைக்கும் இனிப்பு மருந்தும் இறங்கியிருக்கிறது. எழுந்திருப்பேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கொடுத்தால்தானே தெரியும்?"

"எவ்வளவு நேரம்?" என்றது மானிட்டர்.

"இரண்டு நாள்."

"அதற்குள் வண்டி வந்துவிடுமே!" என்றது மதிப்பெண். வண்டி அப்போது வாசலில் வந்தே நின்றுவிட்டது.

பெருமாளின் மனைவி பாலசுந்தரி உள்ளே வந்தாள். அவர் காலைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இருந்தது. பின்னாலேயே தவசிக்கனியும் டாக்டரும் வந்தார்கள்.

"டாக்டரம்மா, பத்துல ஒன்பதுன்னு சொன்னியளாமே. மிச்சம் ஒண்ணு இருக்கே, அந்த ஆளு எப்படி இருப்பான்?" என்று கேட்டாள் பாலசுந்தரி.

நஸ்ரினிடம் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. "மருந்து புடிக்குதவங்களுக்கு ரெண்டு நாள்ல மூத்திரம் பிரிய ஆரம்பிக்கும்மா. மயக்கம் தெளியும். மறுபடி ரத்தம் எடுத்துப் பாத்தா அந்த நம்பரும் எறங்கும்."

"அப்படி எறங்கலன்னா?"

"நானே கூப்பிட்டுச் சொல்லுதேன், கூட்டிட்டுப் போங்கன்னு. மறைக்கமாட்டேன்."

பாலசுந்தரி தவசிக்கனி பக்கம் திரும்பினாள். "அத்தான், வண்டியத் திருப்பி அனுப்பிருங்க."

"யம்மா, இங்கன வச்சி ஏதாவது ஆயிப்போச்சின்னா ஊரு என்ன பேசும்? அவன் மூச்சு வீட்டுல போவாண்டாமா?"

"மூச்சு எதுக்குப் போவணும் அத்தான்? அது இருக்கட்டுமே." சொல்லிவிட்டு அவளே உடைந்து அழுதாள். பயம் இல்லாமல் இல்லை. பத்தில் ஒன்றை நம்பி ஊரை எதிர்ப்பதென்றால் சும்மாவா?

தவசிக்கனி தலையில் கைவைத்துக்கொண்டு போய் வண்டியைத் திருப்பி அனுப்பினார்.

மறுநாள் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. மானிட்டர் டிங் டிங் என்று தன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. மதிப்பெண் காலியான மூத்திரப் பையையே பார்த்துக்கொண்டிருந்தது. கல்லீரலோ இன்னும் கிருமியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் விடிந்ததும் பெருமாளுக்கு வயிறு கழிந்தது. ஒரு தடவை இல்லை, பல தடவை. நர்ஸ் ஓடிவந்து சிரித்த முகமாகச் சொல்ல, பாலசுந்தரி கையெடுத்துக் கும்பிட்டாள். ஒருவருக்கு வயிறு கழிந்ததற்கு ஒரு குடும்பமே சந்தோஷப்பட்டதை அங்கேதான் பார்க்க முடியும். மூத்திரப் பை மெல்ல மெல்ல நிறைந்தது. மத்தியானம் பெருமாள் கண்ணைத் திறந்தார். எதிரே தவசிக்கனியும், மும்பையிலிருந்து அழுது வீங்கிய முகத்தோடு வந்த தங்கச்சியும் நின்றார்கள்.

"நீ எப்பம்மா பம்பாயில இருந்து வந்த? யாருக்கு என்னாச்சி?" என்றார் பெருமாள், குழறிக் குழறி.

தவசிக்கனி முன்னே வந்து அவர் போர்வையை இழுத்துவிட்டார். "ஒனக்குத்தாம்ல... ஒண்ணும் ஆவல. சும்மா கெட!" என்று அதட்டிவிட்டு வெளியே போய்க் குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு பந்தல்காரருக்குப் போன் போட்டு, "வேண்டாம்யா, நெனச்சது நடக்கல" என்றார். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது உறைத்து அவருக்கே சிரிப்பு வந்தது.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மதிப்பெண் வாயைத் திறந்தது. குரல் அதற்கே புதிதாயிருந்தது.

"பத்தில் ஏழு பேர் வீட்டுக்குப் போவார்கள்."

நஸ்ரின் நாற்காலியில் சாய்ந்து நிம்மதியாக மூச்சுவிட்டார். கல்லீரல் நோய் எங்கேயும் போய்விடவில்லை. அது கூடவே வரும். மருந்தும் மாத்திரையும் சாகும்வரை உண்டு. ஆனால் இந்தத் தடவை தாண்டியாயிற்று.

மானிட்டருக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. "என்ன பெரியவரே, சொன்னது பொய்த்துவிட்டதே! இனி உன்னை யார் நம்புவார்கள்?"

"நம்பாவிட்டால் போகட்டும். அவர் பிழைத்தாரே, அது போதும்" என்றது மதிப்பெண். அது மனதாரச் சொன்னதுதான். சொல்லிவிட்டுத் தன் வயிற்றிலிருந்த ஆயிரம் பேரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. ஒவ்வொரு கதையாகப் புரட்டியது.

"என்ன ஆயிற்று?" என்றது மானிட்டர்.

"ஒன்றுமில்லை. எனக்குள் இருக்கும் அந்தப் பத்துக்கு ஒன்பது பேரில், என் பேச்சைக் கேட்டே வீட்டுக்குக் கொண்டுபோகப்பட்டு, மருந்தில்லாமல் செத்தவர்கள் எத்தனை பேரோ!"