படிவத்தில் இடமில்லை

மடத்து நூலகம் மாசிலாமணியின் பொறுப்பில் இருந்தது. அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. ஆறாயிரத்துச் சொச்சம் சுவடிக்கட்டுகளுக்கும் புத்தகங்களுக்கும் தன் கையாலேயே பட்டியல் அட்டை எழுதி வைத்தவர். மடத்தின் தலைவி உமையாள் அம்மை அவரைவிடப் பதினேழு வயது இளையவர். ஆனாலும் அவருக்குத் தீட்சை கொடுத்தவர். மாசிலாமணி அவரை அம்மா என்றுதான் அழைப்பார்.

ஆவணியில் ஒரு கடிதம் வந்தது. எல்லா மடங்களின் நூலகங்களும் இனி ஒரே முறையில் பட்டியல் எழுத வேண்டும் என்று மடங்களின் கூட்டமைப்பு முடிவு செய்திருந்தது. ஒரு நூலுக்கு ஓர் ஆசிரியர், ஓர் ஆண்டு, ஒரு பொருள். மாறாத நூலகம் பொதுப்பட்டியலில் இடம்பெறாது. அச்சடித்த படிவங்களும் கூடவே வந்திருந்தன.

படிவத்தில் ஏற்ற மாசிலாமணி முதலில் எடுத்தது ஓர் ஒப்பாரி நோட்டு. வாந்திபேதி கண்ட ஒரு வருஷத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பதினொரு பெண்கள் பாடியவை. யாரோ கேட்டு எழுதியிருந்தார்கள், பெயர் போடாமல். மாசிலாமணி ஊர் ஊராகப் போய், அந்தக் குடும்பங்களைத் தேடிப் பிடித்து, பதினொரு பெயரையும் அட்டையில் ஏற்றியிருந்தார். அதற்கு இரண்டு வருஷம் ஆனது.

படிவத்தில் ஆசிரியருக்கு ஒரு வரிதான் இருந்தது. விதிப்புத்தகத்தைப் புரட்டினார். மூவருக்கு மேல் இருந்தால் 'பலர்' என்று எழுதுக.

'பலர்' என்று எழுதினார். மை காய்வதற்குள் எழுந்து அம்மையிடம் போனார்.

"அம்மா, இந்த முறையை நாம ஏத்துக்கணுமா?"

"அக்கரை மடம் போன வருஷமே மாறியாச்சு. அங்க இருக்குன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரிஞ்ச ஒரு புத்தகத்தைப் போய்க் கேளுங்க."

அவர் போனார். நான்கு நாள் கழித்துத் திரும்பினார். கண்கள் உள்ளே போயிருந்தன.

"கிடைச்சுதா?"

"மாட்டு வைத்தியச் சுவடி, அம்மா. என் கையால பிரிச்சுப் படிச்சது. அங்க இருக்கறவர் பட்டியல்ல பார்த்துட்டு இல்லைன்னுட்டார். நானே அலமாரி அலமாரியாத் தேடினேன். அங்கதான் எங்கேயோ இருக்கு, வேற ஏதோ பொருள்தலைப்புக்குள்ள. இனிமே அதை யாராலும் எடுக்க முடியாது."

"வேற என்ன பார்த்தீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"படிக்கிறவங்களைப் பார்த்தேன். உட்கார இடமில்லை. பொதுப்பட்டியலைப் பார்த்துட்டு எங்கெங்கிருந்தோ வந்திருந்தாங்க."

"நம்ம இடத்துக்குக் கடைசியா எப்போ ஆள் வந்தது?"

"பங்குனியில. ஒருத்தர். மழைக்கு ஒதுங்கினார்."

மாசிலாமணியே தொடர்ந்தார்.

"மாறினா புத்தகம் தொலையும், அம்மா. மாறலைன்னா மொத்த நூலகமும் தொலையும். ரெண்டுல எதுக்கு நான் கையெழுத்துப் போடட்டும்?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடி இங்க யார் இருந்தது?"

"தாண்டவராயர்."

"அவர் அட்டை எழுதினாரா?"

"இல்லை. எந்த நூலை யார் கொடுத்தாங்களோ அந்தக் குடும்பத்தின் பேர்ல அடுக்கி வச்சிருந்தார். எல்லாம் மனப்பாடம். அவர் இல்லாம ஒரு ஏட்டை எடுக்க முடியாது. நான்தான் அதைக் கலைச்சு அட்டைக்கு மாத்தினேன்."

"அவர் தடுத்தாரா?"

"இல்லை. பக்கத்துல வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு கட்டா எடுத்துக் கொடுத்து, அதைப் பத்தித் தெரிஞ்சதைச் சொன்னார். ஏழு மாசம்."

"எழுதிக்கிட்டீங்களா?"

"அட்டையில எவ்வளவு இடம் இருந்ததோ அவ்வளவு."

"மீதி?"

"கேட்டுக்கிட்டேன்."

"அதுல ஒண்ணு சொல்லுங்க."

மாசிலாமணி யோசித்தார். வெளியே யாரோ வாளியில் தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது. அது நின்ற பிறகும் யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கட்டு... வெள்ளத்துல கழுத்தளவு தண்ணியில ஒரு அம்மா அதைத் தலையில வச்சுக் கொண்டுவந்தாங்களாம். இடுப்புல இருந்த பிள்ளை போயிடுச்சு. கட்டு நனையலை."

"எந்தக் கட்டு?"

"தெரியலை, அம்மா."

"அந்த அம்மா பேரு?"

"தாண்டவராயர் சொன்னார். சொன்னார், அம்மா. ரெண்டு தடவை சொன்னார்."

பெயர் வரவில்லை.

"நான் அப்போ அந்த அட்டையில என்னத்தை எழுதினேன்? நீளம் எத்தனை விரல், ஏடு எத்தனை, ஓட்டை எத்தனை. அதைத்தான் எழுதியிருப்பேன். அதைத்தான் இருபத்தாறு வருஷமா முத்து முத்தா எழுதியிருக்கேன்னு பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

அவர் முகத்தை மேல்துண்டால் மூடிக்கொண்டார். அம்மை அவரைத் தேற்றவில்லை. பிறகு அவரே துண்டை எடுத்தார்.

"ஏதாவது ஒரு வழி இருக்கும்னு நினைச்சுத்தான் உங்ககிட்ட வந்தேன்."

"தெரியும்."

"இல்லையா?"

அம்மை எழுந்து நூலகத்துக்குள் போனார். மாசிலாமணி பின்னாலேயே போனார். மேஜை மேல் கிடந்த படிவக் கட்டைப் பிரித்து மாசிலாமணி உட்காரும் இடத்தில் வைத்தார். இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு, அதில் உட்கார்ந்தார்.

"எழுத ஆரம்பிங்க, மாசிலாமணி. படிவத்துல கொள்ளாததை எல்லாம் எனக்குச் சொல்லிக்கிட்டே வாங்க. நீங்க மறந்த மாதிரி நானும் ஒருநாள் மறந்துபோவேன்."