பாந்தாசாரஸும் ஒரு பானை ஓடும்

உங்களைச் சிரிக்க வைக்கிறேன், உறுதி. ஆனால் இப்போதே இல்லை. முதலில் ஒரு கல்லை நக்க வேண்டும்.

கோதாவரிப் பக்கத்துச் செம்மண் மேட்டில் நாங்கள் மூன்று பேர். அமலோற்பவம் டீச்சர், அவரிடம் ஆராய்ச்சி செய்யும் குட்டுவன் அண்ணன், முதலாண்டு மாணவனான நான், ஜெபா. தேடியது பாந்தாசாரஸை. டைனோசர்கள் தலைகாட்டிய காலத்தில், தவளைக்குத் தூரத்துச் சொந்தமாய், முதலை மாதிரி தண்ணீரில் கிடந்த பிராணி.

"கல் எது, எலும்பு எதுன்னு எப்படித் தெரியும் டீச்சர்?" என்று வந்த அன்றே கேட்டேன்.

அவர் ஒரு துண்டை எடுத்து நக்கினார். கீழே விழுந்தது. இன்னொன்றை நக்கினார். அது நாக்கிலேயே ஒட்டித் தொங்கியது. துளையுள்ள எலும்புதான் இப்படி ஒட்டுமாம்.

அன்றிலிருந்து அண்ணன் மேட்டையே நக்கினார். ஒன்றும் ஒட்டவில்லை. மறுநாள் கூடாரம் பிரிக்க வேண்டும். அதன் மண்டை ஓடு கிடைக்காவிட்டால் அவர் ஆராய்ச்சி அம்போ.

சிரிப்பா? பொறுங்கள்.

ஓடை இறக்கத்தில் ஒரு பானை ஓடு கிடந்தது. இரண்டு விரல் அகலம், மேலெல்லாம் குழிகுழியாய் வேலைப்பாடு. அண்ணன் சாப்பிடப் போனபோது அவர் தோண்டிய குழியில் புதைத்தேன். தவளை முதல் டிராக்டர் வரை எந்தக் குரலும் எனக்கு வரும். அவர் திரும்பியதும் பாறைக்குப் பின்னால் நின்று, மூக்கால் பேசும் டீச்சர் குரலில், "குட்டுவா, அந்த இடது மூலையைப் பாருப்பா" என்றேன்.

பார்த்தார். எடுத்தார். நக்கினார்.

"ஒட்டுதுடா ஜெபா! ஒட்டுதுடா!" அழுதேவிட்டார்.

ஆசைப்பட்டால் பானையும் ஒட்டும் போல! நான் சிரித்துத் தரையில் உருண்டேன். டீச்சர் ஓடிவந்தார்.

"பானை ஓடு டீச்சர்! புதைச்சது நான். இங்கே பார்க்கச் சொன்ன குரலும் நான்தான்!"

அண்ணன் முகம் சுண்டிவிட்டது.

டீச்சர் சிரிக்கவில்லை; அண்ணன் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தார். "எங்கே எடுத்தே?"

"ஏன் டீச்சர், மீதிப் பானையும் வேணுமா?"

அவர் உடைந்த விளிம்பைத் திருப்பிக் காட்டினார். உள்ளே ரஸ்க் போலப் பொடித் துளைகள்.

"நக்கிப் பார்த்தியா?"

"பானையை எதுக்கு டீச்சர் நக்கணும்?"

நீட்டினார். நக்கினேன்.

"இப்பச் சொல்லு. எங்கே எடுத்தே?"

தவளை, முதலை, டீச்சர், டிராக்டர், எந்தக் குரலும் வரவில்லை. நாக்கில் பாந்தாசாரஸ் தொங்க, ஓடை இறக்கத்தைக் கைகாட்டினேன்.