திரும்பித் திரும்பிப் பார்த்த மான்

ஓடைக்கரைப் புல்வெளியில் ஒரு புள்ளிமான் கூட்டம் மேய்ந்துவந்தது. அதில் தும்பை என்ற இளம் பெண்மான் தன் முதல் குட்டியை ஈன்றிருந்தது. ஆனால் அது கூட்டத்தோடு சேரவில்லை. குட்டியோடு ஒரு முட்புதருக்குள் ஒதுங்கி நின்றது.

அதற்குக் காரணம் ஓர் அண்டங்காக்கை. தும்பையின் காதில் ஒட்டிய உண்ணிகளைக் கொத்தித் தின்பது அதன் வழக்கம். கொத்துவதற்கு நடுவே அந்தக் காதிலேயே எதையாவது ஓதும்.

"உன் நல்லதுக்குச் சொல்கிறேன், தும்பை! உன் மடியை யார் கண்ணிலும் காட்டாதே. முக்கியமாக, அந்த ஆவாரை! அவள் கண் பட்டால் பால் வற்றிவிடும்!"

"ஆவாரை அக்காவா? அவளுக்கும் பால்குடிக்கும் குட்டி இருக்கிறதே!"

"அதனால்தான் சொல்கிறேன்! அவள் குட்டி கொழுக்க வேண்டுமென்றால் உன் குட்டி இளைக்க வேண்டாமா?"

தும்பைக்கு அது சரியென்றே பட்டது. அதன்பின் சருகு அசைந்தாலும் பயம், அணில் ஓடினாலும் பயம். குட்டி தள்ளாடி வந்து மடியில் வாய் வைக்கும். அந்த நேரம் பார்த்து எங்கோ ஏதோ சலசலக்கும். "யாரது?" என்று தும்பை சட்டென்று திரும்பும். குட்டியின் வாயிலிருந்து காம்பு நழுவிவிடும். அது தாயின் முன்னங்காலை முட்டி முட்டிப் பார்த்துவிட்டுச் சோர்ந்து படுத்துக்கொள்ளும்.

"குட்டி எழுந்து நிற்கிறதா?" என்று காக்கை வந்து கேட்கும்.

"கால் நடுங்குகிறது. என் பால்தான் வற்றிவிட்டதோ?"

"நான் அப்போதே சொன்னேனே! அவள் பார்த்துவிட்டாள்!"

ஒருநாள் காலையில் புதருக்கு வெளியே குளம்புச் சத்தம் கேட்டது.

"யாரது? அங்கேயே நில்!"

"நான்தானடி, ஆவாரை. உன் குட்டி கத்துவது ஓடைவரைக்கும் கேட்கிறது."

"எதற்கு வந்தாய்? கண் வைக்கவா?"

"என் கண்ணுக்கு அவ்வளவு சக்தி இருந்தால், முதலில் இந்தக் காட்டுப் புலியைப் பார்த்துவிட்டு வந்திருப்பேனே!"

தும்பை சிரிக்கவில்லை. கொம்பில்லாத தலையைத் தாழ்த்தி முட்டப் பாய்ந்தது.

"சரி, சரி! நான் பார்க்கவே இல்லை. போதுமா?" ஆவாரை முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. "இப்போது சொல். குட்டி வாய் வைத்ததும் நீ என்ன செய்கிறாய்?"

"யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்ப்பேன்."

"நீ திரும்பினால் உன் மடியும் கூடவே திரும்பாதா, அசடே! நானும் முதல் குட்டிக்கு இப்படித்தான் பம்பரமாய்ச் சுற்றினேன். உன் பாலில் ஒரு குறையும் இல்லை. அசையாமல் நில், போதும்."

"அசையாமல் நின்றால் பின்பக்கம் யார் பார்ப்பது?"

"அதற்குத்தானே நாங்கள்!"

ஆவாரை குரல் கொடுத்தது. மற்றத் தாய்மான்களும் வந்து, புதரைச் சுற்றி வெளிப்பக்கம் பார்த்து நின்றன. என்ன சதியோ என்று தும்பை ஒவ்வொரு வாலாகப் பார்த்தது. ஒருத்தியும் திரும்பவில்லை.

குட்டி மெல்ல எழுந்து வந்தது. சருகு சலசலத்தது. தும்பையின் கழுத்து திரும்பத் துடித்தது.

"காட்டுக்கோழிதான்! நில்!" என்றது ஆவாரை.

தும்பை நின்றது. குட்டி காம்பைக் கவ்வியது.

உடனே மரத்திலிருந்து காக்கை அலறியது. "ஐயோ, தும்பை! பின்னால் செந்நாய்! திரும்பு, திரும்பு!"

"அக்கா! பின்னால் என்ன?"

"வெறும் புல்தானடி!"

யார் சொல்வது பொய்? அப்போதுதான் தும்பைக்கு ஒன்று உறைத்தது. குட்டி எழுந்து நிற்கிறதா என்று காக்கை தினமும் கேட்டது. குட்டி குடித்ததா என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லையே!

தும்பை திரும்பவில்லை. மடியில் பால் சுரந்து இறங்கியது. குட்டியின் வாயோரம் நுரை கட்டியது, அதன் வால் துள்ளியது.

"சே! இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் எனக்கு விருந்தாகியிருக்குமே!" என்று வாய்தவறிக் கத்திவிட்டுக் காக்கை பறந்தது.

தும்பை மூச்சு விட்டது. ஆனாலும் சந்தேகம் முழுவதும் தீரவில்லை. "அக்கா, உண்மையாகவே நீ பார்க்கவில்லைதானே?"

"நன்றாகப் பார்த்தேன்! வற்றிவிட்டதா உன் மடி?"

தும்பை வெட்கத்தோடு சிரித்தது. பிறகு ஆவாரையின் குட்டி பால் குடிக்க வந்தபோது, தானே முதுகைக் காட்டி நின்று காவல் காத்தது.

பாலூட்டும் தாய்க்குப் பெரிய துணை இன்னொரு தாய்தான். அவளைச் சந்தேகப்படு என்று காதில் ஓதுகிறவனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.