போதையில் எடுத்த ஸ்கேன்

“கழுத்து வலிக்கலீங்க. இந்தப் பட்டையைக் கழட்டி விடுங்க” என்று சோணைமுத்து மறுபடியும் சொன்னான். கட்டிலைச் சுற்றி நின்ற மூன்று பயிற்சி டாக்டர்களும் பரிதாபமாகச் சிரித்தார்கள். குடித்துவிட்டு மொபெட்டோடு வாய்க்காலில் விழுந்தவன். போதையில் இருப்பவன் பேச்சை நம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் பெரிய டாக்டர் ஊருக்குப் போயிருந்தார்.

ஒன்றுக்கு வருகிறது என்றான். நம்பவில்லை. பிறகு விரிப்பை மாற்ற வேண்டியதாயிற்று.

“நாளைக் காலையில தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து சார். தாய்மாமன் என் மடியில வச்சுத்தான் குத்தணும்.”

“தங்கச்சி இருக்காங்கன்னு எப்படி நம்புறது?” என்றார் மூவரில் ஒருவரான இளம்பரிதி.

ஸ்கேன் வந்தது. எலும்பில் கீறல்கூட இல்லை. சோணைமுத்து எழப் போனான்.

“அசையாதீங்க!” என்று புவனா அதட்டினாள். “படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எடுக்கிறப்ப நீங்க போதையில இருந்தீங்களே?”

“எலும்புமா குடிச்சிருக்கும்?” என்று தேவசகாயம் கேட்டார்.

“ரத்தம் எலும்புக்கும்தானே போகுது?”

படத்துக்கும் தெளியட்டும் என்று ஜன்னலோரம் காற்றாட மாட்டி வைத்தார்கள்.

காலையில் சோணைமுத்துவுக்குத் தலை கல்லாய்க் கனத்தது. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. “வலிக்கலீங்க” என்றான்.

“நேத்தும் இதையேதான் சொன்னாரு. ஒரு வார்த்தை மாறல” என்றார் இளம்பரிதி. “இன்னும் தெளியல.”

சோணைமுத்து யோசித்தான். “சரிங்க, வலிக்குது.”

“தெளிஞ்சிருச்சு!” என்று தேவசகாயம் கைதட்டினார். “வலிக்குதாம். பட்டையைக் கழட்டவே கூடாது.”

அப்போது தங்கை அமுதவல்லி, தாம்பாளமும் ஆசாரியும் குழந்தையுமாக வார்டுக்கே வந்துவிட்டாள். “நல்ல நேரம் போகுதுண்ணே. குடிக்க உனக்கு வேற நாளே கிடைக்கலையா?”

மூவரும் சேர்ந்து அவனைப் பலகை மாதிரி நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். மருமகள் மடியில் இருந்தாள். பட்டை முகவாயைத் தூக்கிப் பிடித்திருந்ததால் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் மின்விசிறிதான்.

ஊசியைக் கண்டதும் குழந்தை தலையை உதறியது. “கழுத்து ஆடினா குத்த முடியாது. யாராச்சும் பிடிங்கம்மா” என்றார் ஆசாரி.

“கழுத்தை ஆடாம வைக்கிறது எங்க பொறுப்பு” என்றாள் புவனா. சோணைமுத்துவின் பட்டையை அவிழ்த்துக் குழந்தைக்குச் சுற்றிக் கட்டினாள். மூவரும் கிட்ட வந்து, இறுக்கம் சரிதானா என்று விரல் விட்டுப் பார்த்தார்கள்.

ஆசாரி குத்தினார். குழந்தை வீறிட்டது. சோணைமுத்து குனிந்து அதன் காதில் ஊதினான்.